ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்!

வா கண்ணு, குந்து. அந்தப் போன ஓரமா வெச்சிட்டுக் குந்து. முடியாதா? சரி, கையிலயே வெச்சிக்க. அது உன் கூடவே பொறந்தது, நான் இன்னா பண்ண முடியும்.

காத்தாலருந்து பாக்கறேன், ஒவ்வொண்ணா அள்ளி உட்டுக்கினே கீற. ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம். வெள்ளிக் கெரகத்துல ஒரு தரம் சுத்தி முடிக்கிறதுக்குள்ள ஒரு வருசமே கழிஞ்சி போயிடுமாம். ரெண்டும் நெசந்தான், நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. வெள்ளிய அந்த அளவுக்குக் கரச்சிக் குடிச்சவனாச்சே நீ, நம்ம ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை இன்னா கெழம கூடுதுன்னு சொல்லு பாப்போம்?

முழிக்காத. வெள்ளிக்கெழம.

கூரையேறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம்னு எங்க ஆயா சொல்லும். நீ வைகுண்டம் போயி போட்டோவும் எடுத்து அனுப்பிட்ட. கோழி இன்னும் கூரை மேலதான் கீது.

சந்தைன்னதும் ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்க. மலைமேல பீஞ்சமந்தைப் பக்கத்துலருந்து, அணைக்கட்டுப் பக்கத்துலருந்து, இன்னும் எங்கெங்கருந்தோ வேன்ல ஆடு வந்து எறங்கும். வாங்கறவன் ஆடு கத்தற சத்தத்தக் கேட்டா துட்ட எடுக்கறான்? வாயப் பொளந்து பல்லப் பாப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துடுச்சா. முதுகுல வெரல வெச்சி அமுக்கிப் பாப்பான். வயிறு ரொம்ப உப்பி இருந்துச்சின்னா சந்தேகப்படுவான். உப்புத் தண்ணியக் குடிக்க வெச்சி வயித்த உப்ப வெக்கிற கில்லாடி எந்தச் சந்தையிலயும் ரெண்டு பேரு இருப்பான். ஒரு குட்டி வாங்கவே இத்தினி பாடு படற சனங்க நாம. ஆனா போன்ல ஒரு சேதி வந்துச்சின்னா? வாயில கைய வெக்கிறதே இல்ல. அப்டியே வாங்கி அப்டியே நாப்பது பேருக்கு ஓட்டி உட்டுடறோம்.

போன மாசம் நீ இன்னா அனுப்சே? உலகத்துலயே நம்ம தேசிய கீதந்தான் ஒசத்தின்னு யுனெஸ்கோ சர்ட்டிபிகேட்டு குடுத்துடிச்சின்னு. அந்த யுனெஸ்கோவே, நாங்க அப்டி ஒண்ணும் குடுக்கலப்பான்னு எப்பவோ சொல்லிடிச்சி. நல்ல பாட்டுதான், யாரு இல்லன்னா? நல்லாயிருக்குன்னு சொல்ல வெளியூரான் முத்திர எதுக்குடா? அதுக்கு முன்ன ஒண்ணு. சீனாக்காரன் கட்டின சொவரு நெலாலருந்து பாத்தாக்கூட தெரியுமாம். யோசன பண்ணு. சொவரு நீளம் ஆயிரக்கணக்கான மைலு, சரி. அகலம்? ரெண்டு மாட்டு வண்டி போற அகலங்கூட பல எடத்துல தேறாது. பெங்களூரு ரோடு அத்தவிட அகலம். பெங்களூரு ரோடு நெலாலருந்து தெரியுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? 2003-ல சீனாக்காரங்களே யாங் லிவெய்னு ஒத்தர வானத்துக்கு அனுப்சாங்க. எறங்கி வந்தவரு, என் கண்ணுக்குத் தெரியலப்பான்னுட்டாரு. பாவம், சொந்த ஊரு சொவராச்சேன்னு ஒரு பொய் சொல்லாம உட்டாரே, அந்த மனுசனுக்கு ஒரு கும்புடு போடணும். கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு?

நெப்போலியன் குள்ளம்னு ஒண்ணு சொல்வியே, அதுலயும் பல்லப் பாக்கணும். அந்தாளு அஞ்சடி ரெண்டு அங்குலம்னு அவங்க ஊருல எழுதி வெச்சாங்க. அவங்க ஊரு அங்குலம் இங்கிலீசுக்காரன் அங்குலத்தவிடக் கொஞ்சம் பெரிசு. மாத்திப் போட்டா அஞ்சடி ஆறு ஏழு அங்குலம் வருது. அந்தக் காலத்து ஆம்பளைக்கி அது சாதாரண ஒசரம். நம்ம ஊருலயே படிக்கிப் படி வித்தியாசம் இருந்த காலம் எனக்குத் தெரியும். அரிசி அளக்கறவன் எந்தப் படியில அளக்கறான்னு கேட்டுட்டுத்தான் எங்க அம்மா முந்தானைய விரிக்கும். நெப்போலியன எந்தப் படியில அளந்தாங்கன்னு நீ கேட்டியா?

இந்தத் துணுக்குப் பைத்தியம் உன் காலத்துல வந்ததுன்னு நெனைக்காத. எங்க காலத்துல முடி வெட்டற கடையில கல்கண்டு கெடக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கினு தமிழ்வாணன் நடத்தின பத்திரிகை. முடி வெட்ட வந்தவன் அத்தப் படிக்காம நாக்காலியில ஏற மாட்டான். ஆனா ஒண்ணு, அதுல ஒரு சேதி வந்தா ஒரு வாரம் அத்தையே பேசுவோம். இப்டிக்கூடவா, எப்டிடா அதுன்னு சண்ட போடுவோம். உனுக்கு அரை நிமிசத்துல அடுத்தது வந்துடுது. மெல்லறதுக்கு முன்ன முழுங்கிடற.

சண்டைன்னதும் ஞாபகம் வருது. உலக சாதனைங்கள எல்லாம் போடறானே கின்னஸ் பொஸ்தகம், அத்த யாரு போட்டது சொல்லு. வாத்தியாரா? சர்க்காரா? சாராயம் காச்சறவன்! கின்னஸ்ன்றது அயர்லாந்துல பீர் கம்பெனி. 1951-ல அந்தக் கம்பெனி மேனேஜரு ஹியூ பீவர், கூட்டாளிங்களோட பறவை சுடப் போனாரு. ஒண்ணும் சிக்கல. சிக்காதவன் இன்னா பண்ணுவான்? அந்தப் பறவைதான் ஐரோப்பாவுலயே ரொம்ப வேகம், அதான் தப்பிச்சிடிச்சின்னு ஆரம்பிச்சாரு. இல்ல, வேற பறவைதான்னு இன்னொருத்தன். எடுத்துப் பாக்க ஒரு பொஸ்தகம் இல்ல. அட, ஊருக்கு ஊரு சாராயக் கடையில தெனம் இந்தச் சண்டைதானே நடக்குது, தீத்து வெக்க ஒரு பொஸ்தகம் போட்டா இன்னான்னு தோணிச்சி. 1955-ல மொதல் பொஸ்தகம் வந்துது. குறி தப்பினவன் சொன்ன சாக்குலருந்து பொறந்தது கண்ணு அது! அந்தப் பொஸ்தகத்துல பேரு வரணும்னு நம்ம ஆளு மீசைய வளக்கறான், நகத்த வளக்கறான், ராப்பகலா இட்லி அவிக்கிறான்.

சரி, ஊருக்கு வருவோம். நீ கேக்கற வானத்து அதிசயத்தையே நான் நம்ம மலையிலருந்து காட்றேன்.

இந்த ஜவ்வாது மலைக்கி அந்தப் பக்கம், ஆலங்காயத்துக்கு மேல, காவலூர்னு ஊரு. அங்க வானத்தப் பாக்கற பெரிய கண்ணாடிங்க வெச்சிக்கீறாங்க. 1968-லருந்து நடக்குது. வைணு பாப்புன்னு ஒரு பெரிய மனுசன் எடத்தத் தேடிக்கினு வந்து, இந்த மலைதான்னு சொன்னாரு. ஏன் தெரியுமா? இருட்டு. பட்டணத்து வெளிச்சம் வந்து எட்டிப் பாக்காத இருட்டு. அதுவுமில்லாம பூமத்திய ரேகைக்குக் கிட்டக்க கீறதால, தெக்கு வானமும் நல்லாத் தெரியும். நம்ம மலைய எல்லாரும் இன்னா சொன்னாங்க? கரண்டு இல்ல, ரோடு இல்ல, ஒண்ணுமில்லாத காடுன்னாங்க. அந்த ஒண்ணுமில்லாததத் தேடிக்கினுதான் படிச்சவன் வந்தான்.

1972-ல ஜெர்மனியிலருந்து ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி வந்துது. அந்த வருசமே ஜூன் மாசம், வியாழன் கெரகத்தோட நெலா கானிமீடு ஒரு நட்சத்திரத்த மறைச்சிச்சி. காவலூர்லயும் சாவகத் தீவுலயும் உக்காந்து பாத்தாங்க. வெளிச்சம் கொறயற விதத்தப் பாத்து, அந்த நெலாவுல மெல்லிசா காத்து இருக்கும்னாங்க. 1979-ல வாயேஜர் விண்கலம் கிட்டப் போயிப் பாத்துட்டு, அந்த அளவுக்கு இல்லையேன்னிச்சி. அப்பறம் 90-கள்ல ஹப்பிள் தொலைநோக்கி பாத்துட்டு, ரொம்ப ரொம்ப மெல்லிசா ஆக்சிஜன் கீதுன்னிச்சி. இத்த ஒரு வரி துணுக்கா எழுதச் சொன்னா நீ இன்னா எழுதுவ? ‘கானிமீடில் காற்று: கண்டுபிடித்தது தமிழ்நாடு’ன்னு எழுதுவ. பாதி நெசம். பாதி நெசந்தான் முழுப் பொய்ய விட டேஞ்சரு, ஏன்னா அது வயித்த உப்ப வெச்ச ஆடு.

அத்தவிட ருசியான கதை 1977. மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால போகப் போவுதுன்னு கணக்குப் போட்டு வெச்சி, உலகத்துல பல எடத்துல ஆளுங்க காத்துக்கினு இருந்தாங்க. காவலூர்ல பட்டாச்சார்யா, குப்புசாமின்னு ரெண்டு பேரு. யுரேனஸ் இன்னும் நட்சத்திரத்துக்கிட்ட வரவே இல்ல, அதுக்குள்ள நட்சத்திரம் டக்குனு சில நொடி மங்கிப் போச்சி. என்னடா இது, முன்ன வந்து மறைச்சது யாரு? புதுசா ஒரு நெலா இருக்கும்னு எழுதினாங்க. ‘நேச்சர்’ பத்திரிகையில வந்துது. அதே ராத்திரி அமெரிக்காக்காரங்க விமானத்துக்குள்ள தொலைநோக்கிய வெச்சிக்கினு இந்துமகா சமுத்திரத்து மேல பறந்துக்கினே பாத்தாங்க. அவங்களுக்கு யுரேனஸுக்கு இந்தப் பக்கம் அஞ்சு தரம் மங்கிச்சி, அந்தப் பக்கமும் அதே மாதிரி அஞ்சு தரம். ரெண்டு பக்கமும் ஒரே தூரத்துல மங்கினா அது நெலா இல்ல, சுத்தி வர்ற வளையம். சனிக்கி இருக்கறாப்பல யுரேனஸுக்கும் வளையம் கீதுன்னு அப்டித்தான் உலகத்துக்குத் தெரிஞ்சிது.

இப்ப உன் போன்ல இது எப்டி வரும்? ஒருத்தன், அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்சான்னு முடிச்சிடுவான். காவலூரு அவன் கண்ணுலயே படாது. இன்னொருத்தன் மீசைய முறுக்கிக்கினு, நம்ம ஆளு கண்டுபுடிச்சத வெள்ளக்காரன் திருடிட்டான்னு எழுதுவான். ரெண்டும் இல்லடா. நம்ம மலையில உக்காந்து வளையத்தோட நெழலப் பாத்தாங்க, நெலான்னு நெனச்சாங்க. ராத்திரி பூரா கண்ணு முழிச்சி பாத்த பொழப்பு அது. அத்த அப்டியே சொன்னா கௌரவம் கொறஞ்சிடுமா?

அங்க இன்னொண்ணும் நடந்துது. 1988 பிப்ரவரியில, ராஜமோகன்னு ஒருத்தரும் கூட்டாளிங்களும் ஒரு குட்டிக் கெரகத்தப் புடிச்சாங்க. இந்தியாவுலருந்து அப்டி ஒண்ணக் கண்டுபுடிச்சி நூறு வருசத்துக்கு மேல ஆயிருந்துது. அதுக்கு முன்ன மெட்ராசுல போக்சன்னு ஒரு வெள்ளக்காரரு 1861-ல ஒண்ணக் கண்டுபுடிச்சி ‘ஆசியா’ன்னு பேரு வெச்சாரு, அப்பறம் இன்னும் சிலது. இவங்க புடிச்சதுக்குக் கணக்கு மேதை ராமானுஜன் பேரு. நம்பர் 4130. கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ள பேரு, ஜவ்வாது மலையிலருந்து புடிச்ச கல்லுக்கு வெச்சி, அது பாட்டுக்கு சூரியனச் சுத்திக்கினு கீது.

ஆனா பாரு, இங்கயும் ஒரு உப்புத் தண்ணி கீது. 1986-ல ராஜீவ் காந்தி வந்து தொறந்து வெச்ச 2.34 மீட்டர் கண்ணாடி, செத்துப்போன வைணு பாப்பு பேருல. ஆசியாவுலயே பெரிசுன்னு பொஸ்தகத்துல போட்டான். இன்னிக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பசங்க அத்தையே மனப்பாடம் பண்ணிக்கினு கீறாங்க. உத்தராகண்டுல தேவஸ்தலத்துல 2016-லயே 3.6 மீட்டர் வந்துடிச்சி. பால் பாக்கெட்டுல தேதி பாத்து வாங்கறியே, பொது அறிவுக்கும் தேதி கேக்க மாட்டியா?

சினிமாவுக்கு வா. அதான உனுக்கு உசுரு. பான் இந்தியா படம்னு சொல்லிக்கினு, அஞ்சு பாசையில ஒரே நாள்ல உடறாங்களாமே, புதுசா கண்டுபுடிச்சாங்களாமே. 1931 அக்டோபர் கடைசியில வந்துது ‘காளிதாஸ்’. தமிழோட மொதல் பேசும் படம்னு பொஸ்தகத்துல இருக்கும். பல்லப் பாரு. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ்ல பேசும். கதாநாயகன் தெலுங்குல பேசுவான். இது தமிழ்ல கேக்கும், அவன் தெலுங்குல பதில் சொல்லுவான், ரெண்டும் காதலிக்கும். தியாகராஜர் கீர்த்தனை தெலுங்குல. காளிதாசன் காலத்துக் கதை, நடுவுல காந்தியோட ராட்டினத்தப் பத்திப் பாட்டு! ஏன், எப்டின்னு ஒருத்தன் கேக்கல. வெள்ளித் தெரையிலருந்து சத்தம் வருதேன்னு கூட்டம் அலமோதிச்சி. நம்ம வேலூர் ஜில்லாவுல அது ஒண்ணும் அதிசயம் இல்ல. புருசன் தெலுங்கு, பொஞ்சாதி தமிழு, மாமியாக்காரி எந்த பாசையில திட்டறான்னே தெரியாத வீடு எத்தினி கீது இங்க.

அதுக்கும் பதிமூணு பதினஞ்சு வருசத்துக்கு முன்னயே, பேசாத படம் எடுத்தவரு யாரு தெரியுமா? தென்னிந்தியாவோட மொதல் படம் ‘கீசக வதம்’. எடுத்தவரு ஆர். நடராஜ முதலியார். பொறந்தது வேலூர்லப்பா! மெட்ராசுல கார் சாமான் வித்துக்கினு இருந்தவரு. கேமரா சுத்தற வித்தைய ஒரு வெள்ளக்காரன்கிட்ட பூனாவுல கத்துக்கினாரு. கீழ்ப்பாக்கத்துப் பக்கம் ஒரு பங்களாவுல ஸ்டூடியோ போட்டாரு. அப்பறம் ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ எடுக்கும்போது, திரௌபதியா நடிக்க நம்ம பொம்பளைங்க யாரும் வரல. சினிமான்னா அப்ப அப்டி ஒரு பயம். கடைசியில மரியான் ஹில்னு ஒரு ஆங்கிலோ இந்தியப் பொண்ணு வந்துது, லீலாவதின்னு பேரு மாத்தி நடிச்சிது. பாஞ்சாலி வெள்ளக்காரச் சாயலு! ஊமைப் படம், அதனால பாசைத் தொல்ல இல்ல. அந்த மனுசன் எடுத்த படம் ஒண்ணுகூட இன்னிக்கு இல்ல. பிலிமு போச்சி. எந்த வருசம் வந்துதுன்றதுலயே 1916, 17, 18ன்னு ஆளுக்கு ஒண்ணு எழுதறாங்க. இன்னிக்கு நீ தோசைக்கி மாவு கரைக்கிறதக்கூட வீடியோ எடுத்து வானத்துல ஏத்தி வெக்கற. அது நூறு வருசம் இருக்குமாம். தெக்கத்தி சினிமாவுக்கே அப்பன், அவரு படத்துல ஒரு நிமிசம் பாக்கக் கெடைக்கல. ஆம்பூர் பிரியாணிக்குப் போர்டு வெக்கிறோம், அவருக்கு வேலூர்ல எங்க போர்டு கீதுன்னு எனக்குக் காட்டு, நான் உனுக்கு ஒரு குட்டி வாங்கித் தரேன்.

எல்லிஸ் டங்கன்னு அமெரிக்காக்காரன் ஒருத்தன். ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ எல்லாம் அவன் எடுத்ததுதான். தமிழ் தெரியாது. எம்.ஜி.ஆர். தலகாட்டின மொதல் படம் 1936-ல ‘சதி லீலாவதி’, அதுவும் அவன் எடுத்ததே. எம்.ஜி.ஆர். பொறந்தது இலங்கையில, கண்டிக்குக் கிட்ட நாவலப்பிட்டி, 1917. இதுல ஒரு வேடிக்க கீது பாரு. 1815-ல கண்டி ராசாவ வெள்ளக்காரன் புடிச்சான். விக்கிரம ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்க வம்சம். புடிச்சி எங்க கொண்டாந்து வெச்சான்? நம்ம வேலூர்க் கோட்டையில. 1832-ல இங்கயே செத்தாரு. பாலாத்தங்கரையில முத்து மண்டபம் அவருக்குத்தான். கண்டியிலருந்து வந்த ராசா வேலூர்ல செறையிருந்து செத்தாரு. கண்டிப் பக்கம் பொறந்த புள்ள வந்து இந்த ராஜ்ஜியத்தையே பத்து வருசம் ஆண்டிச்சி. ரெண்டுக்கும் சம்பந்தம் இன்னா? ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன். உன் போன்காரனா இருந்தா, இதுக்குள்ள ஒரு சாபத்தையும் மறுபொறப்பையும் சொருகி, ‘அதிர வைக்கும் உண்மை’ன்னு செவப்பு எழுத்துல போட்டிருப்பான்.

அதே கோட்டையில 1806 ஜூலை 10 ராத்திரி நடந்தது உனுக்குப் பள்ளிக்கூடத்துலயே சொல்லியிருப்பாங்க. புதுசா தொப்பி கணக்கா ஒரு தலப்பா, அதுல தோலுப் பட்டை, நெத்தியில நாமம் விபூதி கூடாது, தாடி கூடாதுன்னு வெள்ளக்காரன் சிப்பாயிங்களுக்கு ஆர்டர் போட்டான். உள்ள திப்பு பசங்க வேற இருந்தாங்க. சிப்பாயிங்க எழுந்துட்டாங்க. ஆற்காட்டுலருந்து கில்லஸ்பின்னு ஒரு வெள்ளக்காரன் குதிரைப் படையோட வந்து அன்னிக்கே அடக்கிட்டான். 1857-க்கு அம்பது வருசத்துக்கு முன்னன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லாத ஒண்ணு நான் சொல்றேன். அப்ப மெட்ராஸ் கவர்னர் பென்டிங்க். இந்த வம்பாலதான் அவன வீட்டுக்கு அனுப்சாங்க. அவனேதான் இருவது வருசம் கழிச்சி இந்தியாவுக்கே பெரிய லாட்டா திரும்பி வந்து, 1829-ல உடன்கட்டை ஏறக் கூடாதுன்னு சட்டம் போட்டவன். தொப்பியில தோத்தவன் அதுல ஜெயிச்சான்.

வேலூருக்கு ஏழு இல்லைன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராசா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலு, இப்டி. அதுல ஒண்ண நான் சொல்ல மாட்டேன், உள்ள உன் ஆயா காது குடுத்துக்கினு கீறா. சாமி இல்லாத கோயிலுன்றது ஜலகண்டேஸ்வரர். அதுகூட இப்ப பழசு. 1981-ல சத்துவாச்சாரியிலருந்து லிங்கத்தக் கொண்டாந்து வெச்சிட்டாங்க. இன்னும் அத்தையே சொல்லிக்கினு திரியறாங்க.

அப்பறம் இந்தப் பாரம்பரியச் சாப்பாடு. போன வாரம் டவுன்ல ஒரு ஓட்டலுக்கு இட்டுக்கினு போனியே. ஈயம் பூசின பாத்திரம், வாழெல, ‘ஆயிரம் வருசப் பாட்டி சமையல்’னு போர்டு. வந்தது இன்னா? மொளகாச் சட்னி, தக்காளிக் கொழம்பு, உருளக்கெழங்கு வறுவல், மல்லாட்டை உருண்ட. ஆயிரம் வருசத்துக்கு முன்ன ராசராச சோழனே கேட்டிருந்தாலும் இதுல ஒண்ணு கெடைச்சிருக்காது. நாலும் அமெரிக்காக் கண்டத்துப் பொருளு, போர்த்துக்கீசியன் கப்பலு வந்ததுக்கு அப்பறந்தான் இந்தப் பக்கம் எட்டிப் பாத்துது. மல்லாட்டைய நம்பித்தான் எங்க அப்பன் என்னை வளத்தான், அத்த நான் வேத்தாளுன்னு சொல்ல மாட்டேன். ஆயிரம் வருசம்னு பொய் சொல்லாதன்றேன், அவ்ளோதான். நெசமா பழசு வேணும்னா மலையில சாமை கீது. கத்தரிக்கா கீது, அது நம்ம நாட்டுச் சரக்கு. அணைக்கட்டுக்கிட்ட இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல சர்க்காரு புவிசார் குறியீடு குடுத்துக்கீது. நீ அந்த ஓட்டல்ல கத்தரிக்காய ஓரமா ஒதுக்கி வெச்ச. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.

நாயி கதைக்கி அழுதியே, அத்தச் சொல்லிட்டு உட்டுடறேன். ஜப்பான்ல ஹச்சிக்கோன்னு ஒரு நாயி. செத்துப்போன எசமானுக்காக ரயிலடியில ஒம்பது வருசத்துக்கு மேல காத்துக்கினு இருந்துது. 1934-ல, அது உசுரோட இருக்கும்போதே செல வெச்சாங்க. நல்ல நாயி. அழு, நானும் கண்ணத் தொடச்சிக்கினேன். ஆனா நம்ம மலைக்கித் தெக்கால, திருவண்ணாமலை ஜில்லாவுல எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல்லு. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஆயிரத்து நானூறு வருசம் ஆவுது. கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன் சண்டையில செத்தான். அவன் நாயி பேரு கோவிவன். அது ரெண்டு கள்ளனக் கடிச்சி நின்னுதுன்னு கல்லுலயே வெட்டி வெச்சிக்கீறாங்க. வீரன் பின்னால நாயி உருவமும் கீது. ராசாவுக்குக் கல்வெட்டு, மந்திரிக்குக் கல்வெட்டு, அது ஊரு ஒலகத்துல கீறதுதான். நாய்க்கிப் பேரு சொல்லி, அது செஞ்ச வேலைய எழுதிக் கல்லு நட்டவன் எப்பேர்ப்பட்ட ரசனைக்காரன்! இந்தப் பக்கத்துல பழைய வீரக்கல்லுங்கள வேடியப்பன்னு சொல்லி இன்னிக்கும் பொங்க வெக்கிறாங்க. நீ என்னடான்னா உன் நாய்க்கி ‘பிரவுனி’ன்னு பேரு வெச்சி, கேக்கு வெட்டி, கோட்டு மாட்டி உட்டுக்கீற. வெயிலு நூத்து நாலு. அதுக்குக் கோட்டு.

இன்னா, எழுந்துட்ட? ஆம்பூரா? பிரியாணியா? போ, போ. போற வழியில கூட்டாளிங்ககிட்ட அள்ளி உட ஒண்ணு குடுத்து அனுப்பறேன். 1749 ஆகஸ்ட் 3, அதே ஆம்பூர்லதான் ஆற்காட்டு நவாபு அன்வருதீன் சண்டையில செத்தாரு. யானை மேல குந்திக்கினு இருந்தவருக்குக் குண்டு பட்டுது. இங்கிலீசுக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அப்பறம் வருசக்கணக்கா அடிச்சிக்கினது அங்கருந்துதான் சூடு புடிச்சிது. வயசு? ஒரு பொஸ்தகத்துல எழுவத்தேழு. இன்னொண்ணுல நூத்தியேழு. நீ எத்த எடுத்துக்குவன்னு எனக்குத் தெரியும், நூத்தியேழத்தான் எடுத்துக்குவ. நான் இந்தத் திண்ண மேல ஏறதுக்கே ரெண்டு ஆளு கைய நீட்டணும். நூத்தியேழு வயசுல ஒத்தரு யானை மேல ஏறி சண்டைக்கி வந்தாருன்னா, மொதல்ல அந்த முட்டிக்கி இன்னா தைலம் தடவினாருன்னு கேட்டுக்கினு வா.

எனக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கினு வந்துடு. சீரகச் சம்பாவான்னு பாத்து வாங்கு. கூட வெக்கிற கத்தரிக்கா இலவம்பாடிதான்னு கடைக்காரன் சொன்னான்னா, சும்மா தலையாட்டிட்டு வராத. சமையக்கட்டுப் பக்கம் போயி, காம்புல முள்ளு கீதான்னு தொட்டுப் பாரு.